கயிறு டீச்சர் வீட்டுச் சத்தம்

எங்கள் பள்ளியில் கயிறு டீச்சர் என்றால்தான் அவளை எல்லாருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது, அதைக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. எனக்கு அவள் பள்ளியில் பக்கத்து வகுப்பு, குடியிருப்பில் பக்கத்து வீடு. இரண்டு இடத்திலும் நடுவே ஒற்றைக்கல் சுவர்தான். அதனால் அவளைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியுள்ள ஆள் கிடையாது. நான் சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்று, இரண்டு சொல்லித்தருகிறவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள், உண்மைதான்.

முதலில் அவளுடைய வித்தையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவள்மேல் எத்தனை ஆத்திரம் இருந்தாலும், வித்தை என்னவோ நிஜமான வித்தை. நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகள். எழுத்தே தெரியாது, சிலதுக்கு மூக்குத் துடைக்கவும் தெரியாது. அவர்களை வட்டமாக உட்காரவைத்து நடுவில் நீலப் பாயை விரிப்பாள். கையில் கட்டைவிரல் தடிமனில் ஒரு சிவப்புப் பருத்திக் கயிறு. வார்த்தை எதுவும் இல்லாமல் வாயை மூடிக்கொண்டு ஒரு மெட்டை முனகுவாள். குரல் மேலே போனால் பிள்ளை கயிற்றைப் பாயின் மேல்பக்கம் ஏற்ற வேண்டும். இறங்கினால் இறக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் நேராக இழுக்க வேண்டும். நடுவில் அவள் கைதட்டினால், அந்த இடத்தில் ஒரு பாட்டில் மூடியை வைக்க வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

அதற்கப்புறம் திருப்பிப் போடுவாள். யாராவது ஒரு பிள்ளை கயிற்றை இஷ்டத்துக்குப் போடும். இவள் ஒரு குச்சியைக் கயிற்றின்மேல் நகர்த்திக்கொண்டே போவாள். வகுப்பு முழுதும் அந்தக் கயிற்றைப் பார்த்து ‘ஆ’ என்று பாடும். மேடு வந்தால் ஏறும், பள்ளம் வந்தால் இறங்கும், மூடி வந்தால் எல்லாக் கையும் ஒரே நேரத்தில் தட்டும். கம்பியை வளைத்துத் துணிப்பைக்குள் போட்டுக் கொடுப்பாள். பிள்ளை உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு அந்த வளைவை வாயால் பாடிக் காட்டும். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ஆறுக்கும் ஒன்பதுக்கும் வித்தியாசம் தெரியாமல் முழிப்பார்கள். அடுத்த பீரியடில் சுவருக்கு அந்தப் பக்கம் போனதும் அதே பிள்ளைகள் கயிற்றை வாசிப்பார்கள். எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஓவிய மாஸ்டர் தினமும் அவளைச் சீண்டுவார். “என்ன டீச்சர், இன்னிக்கு எவ்வளவு கயிறு திரிச்சீங்க?” என்பார். அவள் சிரித்துக்கொண்டே போய்விடுவாள். வகுப்பில் அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒரு பயல் எப்போதும் கயிற்றைத் தன் காலையே சுற்றிச் சுற்றிப் போடுவான். நானாக இருந்தால் காதைத் திருகியிருப்பேன். அவளோ அதையும் பாடிக் காட்டி, “இது பாம்பு தூங்குற பாட்டு. நல்லாப் போட்ட ராசா” என்பாள். தப்பு என்ற சொல்லே அந்த அறைக்குள் வந்ததில்லை. ஊரார் பிள்ளை என்றால் அவளுக்கு அப்படி ஒரு பொறுமை.

அவளுடைய அப்பா தையல்காரர். துணி வெட்டும் மேசையில் அவர் எதையாவது முனகிக்கொண்டே வெட்ட, இவள் எதிர்ப்பக்கம் நின்று அவருடைய அளவு நாடாவை அந்த மெட்டுக்கு ஏற்றபடி வளைத்து வளைத்துப் போடுவாளாம். கயிறு வந்த வழி அதுதான். பெரிய பாடகி ஆகப் போகிறாள் என்று வீட்டில் நினைத்தார்கள். இசைக் கல்லூரியில் சேரப் போனபோது, பாதிப் பாட்டில் குரல் உடைந்துவிட்டது. தேர்வுக்கு உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். “காது இருக்கு, குரல் இல்ல. போய்க் குழந்தைங்களுக்குச் சொல்லிக்குடும்மா” என்றாராம். குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போது இதை என்னிடம் வேடிக்கைக் கதை மாதிரிச் சொன்னாள். சொல்லும்போது குடம் நிரம்பி வழிந்து காலை நனைத்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஐந்து வயதில் அது அம்மா வகுப்பிலேயே உட்கார்ந்தது. அம்மா எதை முனகினாலும் கயிற்றை நேராகப் போட்டது. ஏறினாலும் நேர், இறங்கினாலும் நேர். பாயின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, கோடு கிழித்த மாதிரி. பிள்ளைகள் அதற்கு ஸ்கேல் என்று பெயர் வைத்தார்கள். ஆசிரியர் அறையிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. “வாத்தியார் பிள்ளை மக்குன்னு சும்மாவா சொன்னாங்க?” என்று ஓவிய மாஸ்டர் தேநீரை உறிஞ்சிக்கொண்டே சொல்வார். அவளுக்குக் கேட்கும்படியாகவே சொல்வார். நாங்கள் எல்லாரும் சிரித்திருக்கிறோம்.

வகுப்பில் அவள் மகளையும் மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் நடத்துவாள். “நேராப் போட்டியா? நல்லது. அடுத்த தடவை கொஞ்சம் வளைச்சுப் பாக்கலாமா?” என்பாள். வளையாததை வளைக்கிற வேலை சாயங்காலம் வீட்டில் நடக்கும்.

எங்கள் குடியிருப்பில் மாடிக்குப் போகிற படிக்கட்டு எங்கள் இரண்டு வீட்டு வாசலுக்கும் நடுவில் இருக்கிறது. அங்கேதான் பாடம். அம்மா கீழே நின்று முனகுவாள். குரல் ஏறினால் குழந்தை படி ஏற வேண்டும், இறங்கினால் இறங்க வேண்டும். அது நடுப்படியில் நின்றுகொண்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். கால் அசையாது.

கொஞ்ச நேரம் கழித்து அம்மாவின் குரல் வேறாகும். “கண்ணு, இங்க வாம்மா” என்று மெதுவாகத்தான் தொடங்குவாள். அவ்வளவு கனிவு. கேட்கிறவர்களுக்கே மடியில் போய் உட்காரலாம் போலிருக்கும். “அம்மா சொல்றதக் கேளு. காது கேக்குதா இல்லையா? நேத்துத்தானே சொன்னேன்? எல்லாப் பிள்ளைக்கும் வருது, உனக்கு மட்டும் என்னடி கேடு? எம் மானத்த வாங்கவே பொறந்தியா?” ஒவ்வொரு வரிக்கும் ஒரு படி ஏறும் குரல். உச்சிக்குப் போனதும் பட்டென்று நிற்கும். பிறகு கன்னத்தில் ஒரு அறை. என் வீட்டு அடுப்படிவரை கேட்கும்.

அதற்குப்பிறகு ஒரு சத்தமும் வராது. மற்றப் பிள்ளைகள் என்றால் வீறிட்டு அழும், தெருவைக் கூட்டும். இது அழாது. அறையைவிட அந்த மௌனம்தான் என்னை எரித்தது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கதவைத் திறந்துகொண்டு போய்க் கேட்டுவிட்டேன்.

“ஏன் டீச்சர், முளைச்சு மூணு இலை விடல. அதைப் போட்டு இந்த அடி அடிக்கிறீங்களே, கை எப்படி வருது?”

“உங்களுக்கென்ன டீச்சர், புள்ளையா குட்டியா? அடிமேல் அடி வச்சா அம்மியும் நகரும்.”

“அம்மி நகரும். புள்ள நகராது. பாருங்க, நட்டு வச்ச மாதிரி நிக்குது.”

“எம் புள்ளைய எனக்கு வளக்கத் தெரியும். நீங்க உங்க ஒண்ணு ரெண்டப் பாருங்க.”

பிள்ளை இல்லாதவளிடம் சொல்லக்கூடாத சொல் அது. தெரிந்தேதான் சொன்னாள். நானும் கதவை அறைந்து சாத்திக்கொண்டு வந்தேன். அவளுடைய வீட்டுக்காரர் குளிர்கிடங்கில் இரவு வேலை. பகலெல்லாம் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு தூங்குவார், எழுந்த பின்னும் பஞ்சை எடுக்க மறந்துவிடுவார். மனுஷன் நல்லவர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பஞ்சு வைத்திருக்கும்வரை யாரும் நல்லவர்தான்.

இப்படி இருக்கும்போது தாளாளர் அம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. பள்ளிக்கு நாலு கிளைகள். கயிற்றுப் பாடத்தை எல்லாக் கிளையிலும் வைத்து, அதற்கு இவளையே தலைமையாகப் போட்டால் என்ன என்று. ஆசிரியர் அறைக்கு வந்து எங்கள் எல்லார் முன்னிலையிலும் பேசினார்.

“உங்க முறை எனக்குப் புடிச்சிருக்கு டீச்சர். ஆனா பெத்தவங்க சும்மா இருக்காங்களா? ‘அந்தம்மா பொண்ணுக்கே வரலையாமே’ன்னு கேக்குறாங்க. நான் என்ன பதில் சொல்றது?”

கயிறு டீச்சர் கையிலிருந்த கயிற்றை மடித்து மேசைமேல் வைத்தாள்.

“பெற்றோர் நாள் வருதில்ல? அன்னிக்கு உங்க பொண்ண எல்லாருக்கும் முன்னால கயிறு போட வைங்க. போட்டுருச்சுன்னா நாலு கிளைக்கும் நீங்கதான். போடலைன்னா கயித்தச் சுருட்டி வச்சிட்டு மத்தவங்க மாதிரி ரைம்ஸ் சொல்லிக்குடுங்க.”

குரல் இல்லை என்று ஒருமுறை வெளியே தள்ளப்பட்டவள். இப்போது காதும் இல்லை என்று தள்ளப்போகிறார்கள். அதுவும் சொந்த மகள் கையால். அவளுடைய முகத்தைப் பார்த்தபோது எனக்கே பாவமாக இருந்தது, நான் பாவம் பார்க்கிற ரகம் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலமே கயிற்றோடு படிக்கட்டில் தொடங்கிவிட்டாள். புத்திசாலி அல்லவா, ஒரே ஒரு மெட்டை எடுத்துக்கொண்டாள். மூன்று படி ஏற்றம், கொஞ்சம் நிற்பு, ஒரு இறக்கம். அதை மட்டும் குழந்தை கையில் ஏற்றிவிட்டால் போதும், பெற்றோர் நாளில் அதையே முனகிவிடலாம். கேட்டுப் போட்டதா, மனப்பாடமாகப் போட்டதா என்று எவருக்குத் தெரியப்போகிறது? ஊருக்கெல்லாம் காதைத் திறக்கிறவள், மகளுக்கு மட்டும் கையைப் பழக்கினாள். பழக்கிய விதத்தைச் சுவர் எனக்குச் சொல்லியது. மெதுவாக ஆரம்பம், ஏற்றம், ஏற்றம், அறை, மௌனம். ஒருவழியாகக் குழந்தை அந்த மூன்று ஏற்றத்தையும் ஒரு இறக்கத்தையும் தூக்கத்தில்கூடப் போடும் அளவுக்கு வந்துவிட்டது. கன்னத்தில் தடிப்பு இருந்தால் அம்மாவே பவுடர் போட்டு அனுப்புவாள்.

பெற்றோர் நாள் வந்தது. கூடத்தில் நாற்காலி போதாமல் பலர் சுவரோரம் நின்றார்கள். கயிறு டீச்சரின் வீட்டுக்காரரும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அன்றைக்குக் காதில் பஞ்சு இல்லை. தூக்கக் கலக்கத்தில் கண் சிவந்திருந்தாலும் மனுஷர் முகத்தில் பெருமை. முன்னால் நீலப் பாய், சுற்றிலும் பிள்ளைகள்.

அவள் அன்றைக்கு வைத்திருந்தது ‘வீட்டுச் சத்தம்’ என்கிற விளையாட்டு. வீட்டில் கேட்ட ஒரு சத்தத்தைப் பிள்ளை கயிற்றால் போட வேண்டும். மற்றவர்கள் அதை வாசிக்க வேண்டும். ஒரு சிறுமி கயிற்றைத் தரையோடு இழுத்துத் திடீரென்று மேலே தூக்கினாள். பிள்ளைகள் பாடியதும் “குக்கர் விசில்!” என்று கூட்டமே கத்தியது. பாம்புப் பயல் அன்றைக்குக் காலைச் சுற்றாமல் மேடு பள்ளம் மேடு பள்ளம் என்று போட்டான். வாசித்தால் அவன் அப்பாவின் குறட்டை. அவர் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார், பக்கத்தில் இருந்தவர்கள் முதுகில் தட்டிச் சிரித்தார்கள். இப்படி ஒரு பள்ளி நிகழ்ச்சியை நான் பார்த்ததில்லை.

கடைசியில் மகளைக் கூப்பிட்டாள். “இந்தக் குழந்தைக்கு மட்டும் நான் பாடறேன், அது கேட்டுப் போடும்” என்று தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

தாளாளர் அம்மா லேசுப்பட்டவரா? நாலு கிளையை நடத்துகிறவர். “இருங்க டீச்சர்” என்று கையைக் காட்டினார். “நீங்க பாடினா சொல்லிக்குடுத்துக் கூட்டிட்டு வந்ததுன்னு சொல்வாங்க. மத்தப் பிள்ளைங்க மாதிரி அதுவும் ஒரு வீட்டுச் சத்தம் போடட்டும். நீ போடு கண்ணு.”

கையைக் காட்டி அவளை நிறுத்தியது இது இரண்டாம் தடவை. குனிந்து மகளிடம், “குக்கர் போடும்மா. குக்கர்” என்று கிசுகிசுத்தாள்.

குழந்தை கயிற்றை வாங்கிக்கொண்டது. பாயின் அடி ஓரத்தில் நுனியை வைத்தது. வைத்துக் கொஞ்சதூரம் நேராக இழுத்தது. கூட்டத்தில் யாரோ “அவ்ளோதான்” என்று முணுமுணுத்தார்கள். பிறகு கை வளைந்தது. மெல்ல ஒரு ஏற்றம். அதற்குமேல் இன்னொன்று, முன்னதைவிடக் கொஞ்சம் உயரமாக. பாயின் மேல் ஓரம்வரை ஏற்றியது. அங்கும் நிற்காமல் பாயைத் தாண்டிச் சிமெண்டுத் தரைவரை கொண்டுபோனது. அங்கிருந்து ஒரே இழுப்பாகக் கீழே கொண்டுவந்தது. எழுந்துபோய் டப்பாவைத் திறந்து ஒரு பாட்டில் மூடியைப் பொறுக்கியது. இருப்பதிலேயே பெரிய மூடி. அதைக் கயிற்றின்மேல் வைத்து, கையால் ஒருமுறை அழுத்தியது. மிச்சமிருந்த கயிற்றை நேராக இழுத்துப் போட்டுவிட்டு எழுந்து நின்றது.

நான் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொண்டேன். என் அடுப்படியில் தினமும் கேட்கிறதைப் பாயில் பார்க்கிறேன், தெரியாதா?

“அடேயப்பா!” என்றார் தாளாளர் அம்மா. “வாசிங்க டீச்சர், எல்லாரும் கேக்கட்டும்.”

அவள் குச்சியை எடுத்துக் கயிற்றின் நுனியில் வைத்தாள். பிள்ளைகள் “ஆ” என்று தாழ்வாக, கனிவாகத் தொடங்கினார்கள். குச்சி நகர நகரக் குரல் ஏறியது. பாதி ஏற்றத்தில் குச்சி நின்றுவிட்டது. பிள்ளைகள் நிற்கவில்லை. அவர்களுக்குக் குச்சி வேண்டியிருக்கவில்லை, அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள். அத்தனை பிள்ளைகளும் தாங்களாகவே உச்சிவரை ஏறி, ஒரு கீச்சில் நின்று, சரிந்து, ஒரே நேரத்தில் கையைத் தட்டினார்கள். கூடம் அதிர்ந்தது. பிறகு நேர்க்கோட்டைப் பார்த்து, குரலை அடக்கி, நீளமாக ஒரே சுருதியில் இழுத்தார்கள்.

“இது என்ன சத்தம் கண்ணு?” என்று கேட்டார் தாளாளர் அம்மா.

“படிக்கட்டுல அம்மா” என்றது குழந்தை.

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“அப்ப கடைசில நேரா இருக்கே, அது யாரு?”

“அது நான்.”

இன்னும் பெரிய சிரிப்பு. “அம்மா திட்டுறதக்கூட என்ன அழகாப் புடிச்சிருக்கு பாருங்க!” என்றார் ஒருவர். “எங்க வீட்லயும் இதே ராகம்தான்!” என்று ஒரு தாய் எழுந்து சொல்ல, சிரிப்பு அடங்கப் பல நிமிடம் ஆயிற்று. கடைசி வரிசையில் வீட்டுக்காரரும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது புதுப் பாட்டு. தாளாளர் அம்மா அங்கேயே அறிவித்துவிட்டார்: நாலு கிளைக்கும் கயிறு டீச்சர்தான். “இந்தக் கடைசிக் கயித்த எல்லாக் கிளைலயும் வைங்க டீச்சர். ஜனங்களுக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு” என்று தனியாக வேறு சொன்னார். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் ஆசைப்பட்டது எல்லாம் கிடைத்துவிட்டது.

கூட்டம் கலைந்துகொண்டிருந்தபோது கை கழுவுகிற குழாய்ப் பக்கம் போனேன். அங்கே தாயும் மகளும் நின்றிருந்தார்கள். குழந்தை சுவரை ஒட்டி நின்றது. அவள் நாலு எட்டு தள்ளி, ஈரத் தரையில் மண்டியிட்டிருந்தாள். புடவை நனைந்திருந்தது. என்னைக் கண்டும் எழவில்லை.

“கண்ணு, இங்க வாம்மா” என்றாள்.

அவளுடைய குரலை இத்தனை வருஷமாகச் சுவர் வழியாகக் கேட்டவள் சொல்கிறேன், அதில் அன்றைக்குக் கோபம் துளியும் இல்லை. மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டாள். ஆனால் எப்போதும் தொடங்குவதும் அதே வார்த்தையில், அதே தாழ்ந்த குரலில்தானே? குழந்தை இரண்டு கையாலும் இடது கன்னத்தை மூடிக்கொண்டது.

“அம்மா ஒண்ணும் பண்ண மாட்டேன்டா. வாடா தங்கம்” என்றாள் இன்னும் தாழ்த்தி. அவள் தாழ்த்தத் தாழ்த்தக் குழந்தையின் கை கன்னத்தில் அழுந்தியது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டது. அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். நீட்டிய கை எதற்கு வருகிறது என்று அந்தக் குழந்தை எதை வைத்துக் கண்டுபிடிக்கும்? அது கற்றதெல்லாம் ஒரே ஒரு மெட்டு, அதன் முடிவும் அதற்குத் தெரியும்.

கூடத்துக்குள் பாயை இன்னும் யாரும் சுருட்டவில்லை. வீட்டுக்குப் போக மனமில்லாத பிள்ளைகள் கயிற்றைச் சுற்றி நின்று, தாங்களாகவே மறுபடி வாசிக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் கைதட்டல் வருவதால் அது அவர்களுக்குப் பிடித்துப்போயிருந்தது. “ஆ” என்று தாழ்வாகத் தொடங்கி, ஏறி, ஏறி, உச்சிக்குப் போய், சரிந்து, எல்லாரும் சேர்ந்து ஒரே தட்டாகத் தட்டினார்கள்.

குழந்தை கண்ணைத் திறந்தது. கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, அம்மாவிடம் நேராக நடந்து வந்து பக்கத்தில் நின்றது.

“முடிஞ்சிருச்சாம்மா?” என்று கேட்டது.